கண்ணைப் படிக்கும் கம்ப்யூட்டர்: கற்றுக்கொடுப்பது யார்?

"அப்பா, உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. கம்ப்யூட்டர் பாத்துடுச்சு" என்று 2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண்ணைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். என் பேச்சை நம்பி அப்பா டாக்டரிடம் போகவில்லை. அவருடைய சிகிச்சை நான்கு மாதம் தள்ளிப்போனது.

நோயைக் கண்டறியும் ஏ.ஐ. சாப்ட்வேர்களைப் பற்றித் தினமும் செய்தி வருகிறது. "டாக்டரை மிஞ்சிய கம்ப்யூட்டர்" என்று தலைப்பும் போடுகிறார்கள். இப்படிப்பட்ட சாப்ட்வேர் எப்படி உருவாகிறது, அதில் சிறப்பு மருத்துவர்களின் வேலை என்ன, அவர்கள் இல்லாமல் என்னைப் போன்ற ஓர் இன்ஜினியர் மட்டும் உட்கார்ந்து செய்தால் எங்கே தவறும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். தவறு எனக்கே நடந்ததால் கூச்சத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலை. அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் சென்னையில் சாப்ட்வேர் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை தருகிறார்கள். ஆனால் விழித்திரை டாக்டர் வீடு தேடி வர முடியாது. கச்சிராயபாளையம் வழியாக மலை இறங்கிப் போய்த் திரும்ப வேண்டும் என்றால் அப்பாவுக்கு ஒரு நாள் கடையை மூட வேண்டும். "கண்ணு நல்லாத்தான தெரியுது" என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

கண்ணுக்குள் என்ன தேடுகிறார்கள்?

சர்க்கரை பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் விழித்திரையில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர் பலவீனமாகிறது. முதலில் குண்டூசி முனையை விடச் சிறிய புடைப்புகள் தோன்றும். இவற்றை மைக்ரோ அனூரிசம் என்கிறார்கள். பிறகு சிறுசிறு ரத்தக் கசிவுகள், மஞ்சள் நிறக் கொழுப்புப் படிவுகள் வரும். கடைசிக் கட்டத்தில் புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். டாக்டர்கள் இதை 0 முதல் 4 வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். 0 என்றால் பாதிப்பு இல்லை. 4 என்றால் பார்வையே போகும் அபாயம்.

இதில் முக்கியமானது, பெரும்பாலும் நோய் முற்றும் வரை பார்வையில் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் குறை இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். இந்தியாப் ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேர். இத்தனை பேரின் இரண்டு கண்களையும் வருடாவருடம் பார்க்க விழித்திரை டாக்டர்கள் போதவே மாட்டார்கள். படத்தை எடுத்துக் கம்ப்யூட்டரே முதல் கட்டமாகப் பிரித்துக் கொடுத்தால் என்ன என்ற யோசனை இங்கேதான் பிறந்தது.

நான் செய்தது என்ன?

2024 பொங்கலுக்குப் பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரு கண் முகாம் நடந்தது. கடைக்குச் சரக்கு எடுக்கப் போன அப்பா அதில் கண்ணைக் காட்டினார். கையில் பிடிக்கும் கேமராவில் விழித்திரையைப் படம் எடுத்து, "டாக்டர் பார்த்துவிட்டுச் சில நாளில் போன் செய்வோம்" என்றார்கள். அப்பா அந்தப் படங்களைத் தன் போனிலும் வாங்கி எனக்கு அனுப்பினார்.

எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. நான் செய்த வேலைகள் இவை:

1. காகிள் என்ற வெப்சைட்டில் 2019இல் நடந்த ஒரு போட்டிக்காக, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை எடுத்த விழித்திரைப் படங்கள் தரப்பட்டுள்ளன. பயிற்சிக்கானவை 3,662. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை டாக்டர் கொடுத்த எண் உண்டு. அவற்றை டவுன்லோட் செய்தேன்.

2. ஏற்கனவே நாய், பூனை, கார் போன்ற பொதுவான படங்களில் பழகிய ரெடிமேட் மாடல் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

3. எல்லாப் படங்களையும் 224க்கு 224 பிக்சலாகச் சுருக்கினேன். அந்த மாடல் வழக்கமாகக் கேட்கும் அளவு அதுதான்.

4. ஐந்தில் நான்கு பங்கு படங்களை வைத்து இரவு முழுக்கப் பயிற்சி கொடுத்தேன். மீதி ஒரு பங்கில் சோதித்தேன். நோய் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டால் நூற்றுக்கு 96 சரியான பதில் வந்தது.

இரண்டு நாளில் 96 சதவீதம்! அப்பாவின் படத்தைக் கொடுத்தேன். நிலை 0 என்று வந்தது. உடனே போன் செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் முகாம்காரர்கள் அப்பாவை அழைத்து, இடது கண்ணுக்கு விழித்திரை டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். "எம் பையன் கம்ப்யூட்டர்ல பாத்துட்டான், ஒண்ணும் இல்லையாம்" என்று சொல்லி அப்பா வைத்துவிட்டார். அதாவது முகாமில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. குறுக்கே வந்தது என் புரோகிராம்தான்.

ஒரே படம், இரண்டு பார்வை

ஜூன் மாதம் அப்பா போன் செய்தார். "கணக்கு நோட்டுல கோடெல்லாம் நெளியுதுப்பா" என்றார். லீவு போட்டு ஊருக்குப் போய், வேறொரு நகரத்தில் இருந்த கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த விழித்திரை டாக்டரிடம் பழைய படத்தைக் காட்டி, நான் செய்ததையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. படத்தைப் பெரிதாக்கி, நடுவில் இருந்த மாகுலாவுக்குப் பக்கத்தில் இரண்டு மஞ்சள் புள்ளிகளைக் காட்டினார். அவற்றைச் சுற்றி மெல்லிய சிவப்புப் புள்ளிகளும் இருந்தன. அவர் காட்டும் வரை என் கண்ணுக்கு அவை தெரியவில்லை. காட்டிய பிறகு வேறெதுவும் தெரியவில்லை.

அவரிடம் பேசிய பத்து நிமிடத்தில் என் வேலையில் மூன்று ஓட்டைகள் வெளிவந்தன.

முதலாவது, பிக்சல். வழக்கமான விழித்திரைப் படம் 45 டிகிரிப் பரப்பைக் காட்டும். கண்ணுக்குள் அது சுமார் 13 மில்லிமீட்டர். அதை 224 பிக்சலாகச் சுருக்கினால் ஒரு பிக்சலுக்கு 58 மைக்ரான். ஒரு மைக்ரோ அனூரிசத்தின் அளவே ஏறத்தாழ 25 முதல் 100 மைக்ரான்தான். 2000 பிக்சல் படத்தில் தெளிவாகத் தெரியும் புள்ளி, நான் சுருக்கிய படத்தில் ஒரு பிக்சலாகிப் பக்கத்து நிறத்தோடு கலந்துவிட்டது. நாயையும் பூனையையும் பிரிக்க 224 போதும். எவ்வளவு சிறிய புள்ளி முக்கியம் என்பதைக் கண் டாக்டர்தான் சொல்ல முடியும். நான் யாரையும் கேட்கவில்லை.

இரண்டாவது, கேள்வி. அப்பாவுக்கு இருந்தது மாகுலாவில் நீர் கோக்கும் வீக்கம். சர்க்கரையால் பார்வை குறைவதற்கு இது ஒரு பெரிய காரணம். 0 முதல் 4 வரையிலான அந்த ஐந்து நிலைகளில் இது அடங்காது, தனியாகப் பார்க்க வேண்டும். நான் டவுன்லோட் செய்த படங்களோடு வந்த எண்களில் இந்த விவரமே இல்லை. கேட்காத கேள்விக்குக் கம்ப்யூட்டர் எப்படிப் பதில் சொல்லும்?

மூன்றாவது, கேமரா. பயிற்சிக்கும் சோதனைக்கும் நான் பயன்படுத்தியது ஒரே மூட்டைப் படங்கள். முகாமில் எடுத்தது வேறு கேமரா. கம்ப்யூட்டர் நோயைத்தான் கற்றதா, அந்தப் படங்களின் வேறு ஏதாவது அடையாளத்தைக் கற்றதா என்பது வெளிப்படம் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். தோல் புற்றுநோயைக் கண்டறியும் ஒரு சாப்ட்வேரில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. சந்தேகமான மச்சத்தை அளக்க டாக்டர்கள் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுப்பார்கள். படத்தில் ஸ்கேல் இருந்தால் புற்றுநோய் என்று சொல்லும் போக்கு சாப்ட்வேருக்கு வந்துவிட்டதை அதை ஆராய்ந்தவர்களே 2018இல் எழுதினார்கள். ஸ்கேல் ஏன் வைக்கப்படுகிறது என்று தெரிந்தவருக்குத்தான் இந்தச் சந்தேகமே வரும்.

"தம்பி, மதுரைக்காரங்க எப்படிப் பண்ணாங்கன்னு ஒரு தடவ படிச்சுப் பாருங்க" என்றார் டாக்டர். படித்தேன். அதைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

மதுரையிலும் சென்னையிலும் நடந்தது

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. 1978இல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சென்னையில் தொடங்கியது சங்கர நேத்ராலயா. சர்க்கரையால் வரும் விழித்திரை நோயைக் கண்டறிய கூகுள் உருவாக்கிய ஏ.ஐ. சாப்ட்வேரில் இந்த இரண்டு மருத்துவமனைகளுக்கும் பங்கு உண்டு. அதன் முதல் பெரிய ஆய்வறிக்கை 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் வெளியானது. கூகுளின் இன்ஜினியர்களோடு அரவிந்தின் டாக்டர் ஆர். கிம், சங்கர நேத்ராலயாவின் டாக்டர் ராஜீவ் ராமன் ஆகியோரின் பெயர்களும் அதில் உள்ளன.

பயிற்சிக்குப் பயன்பட்ட படங்கள் 1,28,175. அமெரிக்காவின் ஐபேக்ஸ் அமைப்பிடமிருந்தும் இந்தியக் கண் மருத்துவமனைகளிடமிருந்தும் இவை கிடைத்தன. படம் மட்டும் இருந்தால் கம்ப்யூட்டர் எதையும் கற்காது. ஒவ்வொரு படத்துக்கும் விடை வேண்டும். அந்த விடையை எழுதியவர்கள் 54 பேர். அமெரிக்காவில் உரிமம் பெற்ற கண் டாக்டர்களும், கண் மருத்துவப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களும் இதில் அடக்கம். 2015 மே முதல் டிசம்பர் வரை, ஒரே படத்தை 3 முதல் 7 முறை வெவ்வேறு ஆட்கள் பார்த்து எண் கொடுத்தார்கள். பெருக்கிப் பாருங்கள். குறைந்தபட்சமே 3,84,525 தடவை ஒரு மனிதர் ஒரு படத்தைப் பார்த்து முடிவு எழுதியிருக்கிறார்.

மாகுலா வீக்கமும் அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று. படம் தெளிவாக இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. "இந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது" என்று சொல்லும் உரிமை டாக்டருக்கு இருந்தது. என் புரோகிராமுக்கு அந்த வாய்ப்பையே நான் தரவில்லை. எந்தப் படத்தைக் கொடுத்தாலும், ஒரு வாழைப்பழத்தின் படத்தைக் கொடுத்தால்கூட, 0 முதல் 4க்குள் ஓர் எண்ணைச் சொல்லிவிடும்.

டாக்டர்களே ஒத்துப்போகாவிட்டால்?

ஒரே படத்துக்கு ஒருவர் 1 என்றும் இன்னொருவர் 2 என்றும் சொன்னால் எது சரி? பலர் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் போன்ற இன்ஜினியர்களின் பதில். தேர்தல் மாதிரி, ஓட்டு எண்ணிக்கை.

2018இல் அதே குழுவினர் வேறு வழியைச் சோதித்தார்கள். விழித்திரையில் மட்டுமே சிறப்புப் பயிற்சி பெற்ற மூன்று டாக்டர்கள் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். கருத்து வேறுபட்டால் ஓட்டெடுப்பு கிடையாது. காரணம் சொல்லி விவாதித்து, மூவரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். இப்படி வந்த முடிவைப் பழைய ஓட்டு முடிவோடு ஒப்பிட்டபோது, எங்கே தவறு நடந்திருக்கிறது என்பது தெரிந்தது. வேறுபாடுகளில் 36 சதவீதம் மைக்ரோ அனூரிசத்தைத் தவறவிட்டதால் வந்தவை. 20 சதவீதம் படத்தில் விழுந்த தூசி, ஒளிப்புள்ளி போன்றவற்றை நோய் என்று எண்ணியதால் வந்தவை. 16 சதவீதம் ரத்தக் கசிவைச் சரியாக வகைப்படுத்தாததால் வந்தவை.

மூன்று பேர் தவறவிட்ட புள்ளியை ஒருவர் பார்த்திருந்தால், ஓட்டெடுப்பில் பார்த்தவர் தோற்றுவிடுவார். விவாதத்தில் அவர் விரலை வைத்துக் காட்டிவிடலாம். எனக்கு அந்த டாக்டர் காட்டியது போலத்தான். இப்படி விவாதித்து முடிவு செய்த படங்கள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கே. அவற்றை வைத்துச் சாப்ட்வேரைச் சீர்செய்ததும் அதன் திறன் நன்றாகக் கூடியது. படத்தின் அளவையும் 299 பிக்சலிலிருந்து 779 ஆக உயர்த்தினார்கள். என்னுடைய 224ஐ நினைத்துக்கொண்டேன்.

கோட்டை எங்கே போடுவது?

இந்தச் சாப்ட்வேர்கள் உள்ளுக்குள் "உண்டு, இல்லை" என்று சொல்வதில்லை. 0 முதல் 1 வரை ஒரு மதிப்பைத் தருகின்றன. எந்த மதிப்புக்கு மேல் போனால் நோயாளியை டாக்டரிடம் அனுப்புவது என்ற கோட்டை மனிதர்தான் போட வேண்டும். 2016 ஆய்வில் ஒரே சாப்ட்வேருக்கு இரண்டு கோடுகளைப் போட்டுப் பார்த்தார்கள். முதல் கோட்டில், நோய் உள்ளவர்களில் 90.3 சதவீதத்தைப் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 98.1 சதவீதத்தைச் சரியாக விடுவித்தது. இரண்டாவது கோட்டில் இவை 97.5, 93.4 என்று மாறின.

எளிதாகப் புரிய, முகாமுக்கு 1000 பேர் வந்து அவர்களில் 80 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கோட்டில் 8 பேர் தவறிப்போவார்கள், சுமார் 17 பேர் தேவையின்றி டாக்டரிடம் அனுப்பப்படுவார்கள். இரண்டாவது கோட்டில் 2 பேர்தான் தவறுவார்கள், ஆனால் சுமார் 61 பேர் வீணாக அலைவார்கள்.

எது சரி? இதற்குக் கணக்கில் விடை கிடையாது. நகரத்தில் வீணாக ஒருமுறை டாக்டரிடம் போவது பெரிய கஷ்டம் இல்லை. வெள்ளிமலையில் அது ஒரு நாள் கூலி. இரண்டு முறை வீணாக அலைந்தவர் மூன்றாம் முறை கூப்பிட்டால் வரமாட்டார். தவறவிட்டாலோ பார்வை போகும். அந்த ஊர் நோயாளிகளையும், தவறவிட்டால் கண்ணுக்கு என்ன ஆகும் என்பதையும் தெரிந்த டாக்டர்தான் இந்த எடை போட முடியும். நான் 0.5 என்று வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால், புரோகிராமில் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

லேபைத் தாண்டிய பிறகு

பழைய படங்களில் நல்ல மார்க் வாங்கியதோடு அவர்கள் நிறுத்தவில்லை. அரவிந்துக்கும் சங்கர நேத்ராலயாவுக்கும் வந்த 3,049 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அரவிந்தில், நோய் உள்ளவர்களில் 88.9 சதவீதத்தையும் சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதத்தையும் சாப்ட்வேர் பிடித்தது. அதே படங்களைப் பார்த்த மனிதர்கள் பிடித்தது 73.4 முதல் 89.8 சதவீதம் வரை. "டாக்டரை மிஞ்சிய கம்ப்யூட்டர்" என்ற தலைப்புக்கு இதுவே போதும். ஆனால் எது சரியான விடை என்பதை முடிவு செய்தது யார்? மூன்று விழித்திரை டாக்டர்கள் கொண்ட குழு. தேர்வில் மாணவன் ஓர் ஆசிரியரை விட அதிக மார்க் வாங்கலாம். விடைத்தாளைத் திருத்தியவர்கள் வேறு மூன்று ஆசிரியர்கள்.

கேமரா மாறினால் மறுபடி சோதிக்க வேண்டும் என்பதற்கும் சென்னையிலேயே உதாரணம் உண்டு. ஸ்மார்ட்போனில் பொருத்தும் விழித்திரைக் கேமராவில் எடுத்த படங்களை ஐஆர்ட் என்ற வேறொரு சாப்ட்வேர் படிக்குமா என்று டாக்டர் மோகன்ஸ் மையத்தின் டாக்டர் ஆர். ராஜலட்சுமி குழுவினர் 296 பேரிடம் சோதித்து 2018இல் எழுதினார்கள். நோய் உள்ளவர்களில் 95.8 சதவீதத்தைப் பிடித்தது. ஆனால் நோய் இல்லாதவர்களில் 80.2 சதவீதத்தைத்தான் சரியாக விடுவித்தது. இரண்டு எண்களையும் சேர்த்தே வெளியிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கூகுளின் சாப்ட்வேர் தாய்லாந்தின் 11 கிளினிக்குகளுக்குப் போனபோது வேறு சிக்கல் வந்தது. 2020இல் வெளியான அறிக்கையின்படி, அங்கே எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைச் சாப்ட்வேர் "தெளிவில்லை" என்று தள்ளிவிட்டது. இருட்டாக்க முடியாத அறைகள், மெதுவான இன்டர்நெட். படம் எடுத்த நர்சுகள்தான் நோயாளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அரவிந்துக்கு இந்த மாதிரிச் சிக்கல் புதிதல்ல. 2000களின் நடுவில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, சாதாரண வை-ஃபை கருவிகளையே பல கிலோமீட்டர் எட்டும்படி மாற்றி, தேனியைச் சுற்றியுள்ள கிராமக் கண் மையங்களை டாக்டர்களோடு வீடியோவில் இணைத்தவர்கள் அவர்கள்.

தமிழ்நாட்டில் 45 இடங்களில் இந்தச் சாப்ட்வேர் 2019 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கண்களைப் படித்தது. அவர்களில் சுமார் ஒரு சதவீதத்தினரின் படங்களை டாக்டர்கள் மீண்டும் பார்த்து, சாப்ட்வேர் இன்னும் சரியாகத்தான் வேலை செய்கிறதா என்று சோதித்தார்கள். அந்த முடிவு 2025இல் வெளியானது. நாம் ஒரு சாப்ட்வேரை ரிலீஸ் செய்துவிட்டால் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். இங்கே ரிலீஸுக்குப் பிறகும் டாக்டரின் கண் அதன் மேல் இருக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

போனில் எடுத்த படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் ஆப்கள் இப்போது ஏராளம். பொதுவான சாட்பாட்களிடம் ஸ்கேன் படத்தைக் கொடுத்துக் கேட்பவர்களும் உண்டு. பயன்படுத்தும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

• இதற்கு விடை எழுதிக் கொடுத்த டாக்டர்கள் யார், எத்தனை பேர், அந்த நோயில் சிறப்புப் பயிற்சி உள்ளவர்களா?

• உங்களைப் போன்ற நோயாளிகளிடம், உங்களிடம் உள்ளது போன்ற கேமராவில் சோதித்திருக்கிறார்களா?

• "98 சதவீதம் சரி" என்று ஒரே எண்ணைச் சொன்னால் நம்ப வேண்டாம். நோயாளிகளில் எத்தனை பேரைத் தவறவிடுகிறது, ஆரோக்கியமானவர்களில் எத்தனை பேரைப் பயமுறுத்துகிறது என்று இரண்டையும் கேளுங்கள்.

• படம் சரியில்லை என்றால் "தெரியவில்லை" என்று சொல்கிறதா?

• எந்தெந்த நோய்களை அது பார்க்காது என்று எழுதியிருக்கிறார்களா?

• அரசு அனுமதி உண்டா? 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் நோயறியும் சாப்ட்வேரும் சட்டப்படி மருத்துவக் கருவிகளில் சேர்க்கப்பட்டுள்ளது.

நான் செய்தது போல வீட்டில் முயன்று பார்க்க நினைப்பவர்களைத் தடுக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டாலும் கூகுள் கோலாபில் இலவசமாக ஓட்டலாம். பைத்தான் தெரிந்த கல்லூரி மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. ஒரு சோதனையை மட்டும் அவசியம் செய்து பாருங்கள். அந்த 3,662 படங்களில் 1,805 நிலை 0. எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் "நோய் இல்லை" என்று சொல்லும் புரோகிராம்கூட ஏறத்தாழப் பாதி மார்க் வாங்கிவிடும். நிலை 3 உள்ளவை 193தான். உங்கள் புரோகிராம் அந்த 193இல் எத்தனையைப் பிடிக்கிறது என்று தனியாக எண்ணுங்கள். மொத்த மார்க்கை விட அந்த எண்ணிக்கை உங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும். வீட்டில் யாருடைய கண்ணுக்கும் அதை வைத்து முடிவு சொல்லிவிடாதீர்கள்.

அப்பாவுக்கு இடது கண்ணில் ஊசி போட்டார்கள். சில மாதங்களில் வீக்கம் குறைந்தது. கோடுகள் இப்போது பெரும்பாலும் நேராகத் தெரிகின்றன. சின்ன எழுத்துக்கு மட்டும் இடது கண்ணை மூடிக்கொண்டு படிக்கிறார். நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் முழுதாகச் சரியாகியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "முன்னாடியே வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அந்தப் புரோகிராமை நான் அழிக்கவில்லை. முடிவு காட்டும் இடத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய்தேன். எந்தப் படம் கொடுத்தாலும் இப்போது அது எண்ணைக் காட்டுவதில்லை. "விழித்திரை டாக்டரிடம் காட்டவும்" என்ற ஒரே வரிதான் வரும். அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா கரெண்டு பில்லாவது மிச்சம் ஆயிருக்கும்" என்றார். இப்போது வருடம் ஒருமுறை அவர் கடையைப் பூட்டிவிட்டு மலை இறங்குகிறார். அன்று நானும் லீவு போட்டுக் கூடவே போகிறேன்.